துணியில் ஈர வாடை, வாஷிங் மெஷினில் முடை நாற்றம்: படிப்படியாகப் போக்கும் முழு வழிகாட்டி

துவைத்துக் காயவைத்த துணியை மூக்கருகே கொண்டுபோனால் ஈரக் கரித்துணி வாடை. மறுபடி துவைத்தாலும் போவதில்லை. சோப்பைக் கூட்டிப் போட்டால் இன்னும் மோசம். இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் துணியைத்தான் முதலில் ஊறவைக்கிறார்கள். வாடையைக் கிளப்பும் கிருமிகள் மெஷினுக்குள் குடியிருக்கும்வரை அதில் பயன் இல்லை. பாடுபட்டுச் சுத்தம் செய்த துணி அடுத்த துவைப்பிலேயே பழைய வாடையை வாங்கிக்கொண்டு வந்துவிடும்.

அதனால் வரிசை முக்கியம். வாடை எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்வது முதல் வேலை. அடுத்தது மெஷின். அதற்கப்புறம் துணி. கடைசியில் துவைக்கும் முறையும் காயவைக்கும் முறையும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விடுமுறை நாளை ஒதுக்கிவிடுங்கள். கைவேலை கொஞ்சம்தான், காத்திருக்கும் நேரம்தான் அதிகம்.

1. முதலில் மூக்கால் சோதியுங்கள்

மெஷினை ஓர் இரவு முழுக்க மூடி வைத்துவிட்டு, காலையில் திறந்த உடனே முகர்ந்து பாருங்கள். மூக்கு சீக்கிரம் பழகிவிடும் என்பதால் முதல் மூச்சில் தெரிவதுதான் கணக்கு. டிரம், கதவைச் சுற்றியுள்ள ரப்பர், சோப்புப் பெட்டி, அடியில் இருக்கும் ஃபில்டர் மூடி என்று தனித்தனியாகப் பாருங்கள். எங்கே அதிகமோ அங்கேதான் வேலையும் அதிகம்.

புழுங்கிய, பூசணம் பிடித்த வாடை என்றால் சோப்பு மிச்சமும் உடம்பு எண்ணெயும் கிருமிகளும் சேர்ந்து உண்டாக்கிய வழவழப்பான படலம் காரணம். சாக்கடை வாடை அடித்தால் மெஷினை விட்டுவிட்டுக் கழிவுநீர்க் குழாயைப் பாருங்கள். அது 5-ம் பகுதியில் வருகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, குழாயில் இருக்கும் கோளாறுக்காக டிரம்மை மாதக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

துணியைப் பொறுத்தவரை வாடை எப்போது தெரிகிறது என்பதுதான் துப்பு. மெஷினிலிருந்து எடுக்கும்போதே நாறினால் மெஷின் அழுக்காக இருக்கிறது, அல்லது துவைத்த துணி நெடுநேரம் உள்ளேயே கிடந்திருக்கிறது. எடுக்கும்போது நன்றாக இருந்து காய்ந்தபின் நாறினால் காய அதிக நேரம் எடுத்திருக்கிறது. காய்ந்தபோது ஒன்றும் தெரியவில்லை, ஆனால் உடுத்தி வியர்த்ததும் அல்லது இஸ்திரி போட்டதும் குப்பென்று கிளம்புகிறது என்றால் கிருமி இழைக்குள்ளேயே தங்கியிருக்கிறது. அலமாரியில் சில நாள் இருந்த பிறகு மட்டும் வாடை என்றால் துவைப்பில் குற்றம் இல்லை. அலமாரிக்குள் ஈரம் இருக்கிறது, அல்லது முழுதாகக் காயாத துணி உள்ளே போயிருக்கிறது.

இன்னும் சந்தேகமா? வாடையே இல்லாத பழைய பருத்தித் துணி ஒன்றை இரண்டாகக் கிழியுங்கள். ஒரு பாதியை மெஷினிலும் மறு பாதியை வாளியில் அதே சோப்பைக் கொண்டு கையாலும் துவையுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் காயப்போடுங்கள். மெஷின் பாதி மட்டும் நாறினால் விடை கிடைத்துவிட்டது. இரண்டுமே நாறினால் காயவைக்கும் இடத்தில் கோளாறு.

2. கையோடு எடுத்து வைக்க வேண்டியவை

ரப்பர் கையுறை, பழைய டூத் பிரஷ், இரண்டு மூன்று கந்தல் துணி, உயரம் குறைந்த ஒரு தட்டு, டார்ச், பெரிய வாளி. மெஷினோடு வந்த கையேடு கிடைத்தால் அதையும் எடுத்து வையுங்கள். ஃபில்டர் எங்கே, சோப்புப் பெட்டி எப்படிக் கழலும், எந்தச் சுத்திகரிப்புப் பொருள் கூடாது என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். இந்த வழிகாட்டியில் உள்ளதற்கும் கையேட்டில் உள்ளதற்கும் வேறுபாடு இருந்தால் கையேட்டின் பக்கம் நில்லுங்கள்.

முக்கியப் பொருள் சோடியம் பெர்கார்பனேட். ஆக்ஸிஜன் ப்ளீச் என்ற பெயரிலும் விற்பார்கள். தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவை சோடாவும் ஆகப் பிரிகிறது. பெராக்சைடு கிருமியைக் கொல்லும், சோடா எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும். இந்த வேலைக்கு இரண்டுமே வேண்டும். ஆனால் குளிர்ந்த தண்ணீரில் இது மந்தமாகத்தான் வேலை செய்யும். 40 டிகிரிக்கு மேல் போனால்தான் வேகம் எடுக்கும்.

தண்ணீரில் உப்புக் கறை அதிகம் என்றால் சிட்ரிக் அமிலமும் கொஞ்சம் வேண்டும்.

வினிகரைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சமையல் வினிகரில் அமிலம் 5 சதவீத அளவில்தான் இருக்கிறது. டிரம் தண்ணீரில் ஒரு கப் ஊற்றினால் அது நீர்த்துப்போய், பிசுக்குப் படலத்தை அசைக்கும் பலம் இல்லாமல் ஆகிவிடும். அடிக்கடி ஊற்றினால் ரப்பர் பாகங்களுக்கும் நல்லதல்ல. வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்துப் போடும் வழக்கம் அதைவிட வீண். நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிதாக நடப்பது போலத் தோன்றும். உண்மையில் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு உப்புத் தண்ணீர்தான் மிஞ்சுகிறது.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. குளோரின் ப்ளீச்சோடு வினிகரோ சிட்ரிக் அமிலமோ சேரக் கூடாது. நச்சான குளோரின் வாயு வரும். அம்மோனியா கலந்த சுத்திகரிப்பான்களோடும் சேரக் கூடாது. பெர்கார்பனேட்டோடும் கலக்க வேண்டாம். ஒரு நாளில் ஒரே வகைப் பொருள் என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. கதவு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

3. ஃப்ரண்ட் லோட் மெஷின்: கைவேலை முதலில், வெந்நீர் அப்புறம்

புதிதாகச் செய்பவர்கள் நேரே வெந்நீர் ப்ரோகிராமை ஓடவிட்டு முடித்துவிடுகிறார்கள். ரப்பர் மடிப்பிலும் சோப்புப் பெட்டி இடுக்கிலும் கெட்டியாகப் படிந்திருப்பதை வெந்நீர் மட்டும் அசைக்காது. மேலோட்டமாக இளகியது டிரம்முக்குள் பரவி, இரண்டு மூன்று துவைப்பில் வாடை திரும்பிவிடும். கையால் எடுக்க முடிவதை முதலில் எடுத்துவிட வேண்டும்.

ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். மெஷினை அணைத்து பிளக்கைக் கழற்றுங்கள். சற்று முன்தான் வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை பொறுங்கள், உள்ளே தேங்கியிருக்கும் தண்ணீர் சுடும். முன்பக்கம் அடியில் ஒரு சிறிய மூடி இருக்கும். திறந்தால் திருகும் ஃபில்டர் தெரியும். சில மாடல்களில் பக்கத்திலேயே ஒரு சின்னக் குழாயும் இருக்கும். குழாய் இருந்தால் அதன் வழியாகத் தண்ணீரை வடியுங்கள். இல்லையென்றால் தட்டை வைத்துக்கொண்டு ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். ஒரேயடியாகக் கழற்றினால் தரையெல்லாம் குளமாகிவிடும், அதுவும் நாற்றமெடுத்த தண்ணீர்.

ஃபில்டரில் நூல், முடி, நாணயம், பட்டன் எல்லாம் சிக்கியிருக்கும். அதைக் கழுவுவதோடு நிற்காமல், ஃபில்டர் இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரில் சாம்பல் நிறத்தில் வழவழப்பு இருந்தால் துணியால் வழித்து எடுங்கள். திரும்ப மாட்டும்போது நேராகவும் இறுக்கமாகவும் மாட்டுங்கள். கோணலாக மாட்டினால் அடுத்த துவைப்பில் ஒழுகும்.

அடுத்து சோப்புப் பெட்டி. பெரும்பாலானவற்றில் உள்ளே ஒரு சிறு பிடி இருக்கும். அதை அழுத்திக்கொண்டே இழுத்தால் முழுதாக வெளியே வந்துவிடும். வெந்நீரில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேயுங்கள். சாஃப்ட்னர் (துணியை மிருதுவாக்கும் திரவம்) ஊற்றும் பகுதியின் மேல் ஒரு சின்ன மூடி கழன்று வரும், அதன் அடியில்தான் கொழகொழப்பு அதிகம். பெட்டியை எடுத்தபின் தெரியும் அறையின் கூரையையும் பாருங்கள். தண்ணீர் இறங்கும் துளைகள் அங்கே இருக்கின்றன. கருப்புப் பூஞ்சை மறைந்திருப்பதும் அங்கேதான். எவ்வளவு கவனமாகத் துடைப்பவரும் இந்தக் கூரையை விட்டுவிடுகிறார்.

பிறகு கதவு ரப்பர். மடிப்பை விரலால் விரித்து உள்பக்கம் முழுக்கச் சுற்றிப் பாருங்கள். கைக்குட்டை, குழந்தையின் சாக்ஸ் ஏதாவது மாட்டியிருக்கலாம். ரப்பரின் அடிப்பகுதியில் தண்ணீர் வடிய சிறு துளைகள் இருக்கும். நூல் அடைத்துக்கொண்டால் மடிப்பில் தண்ணீர் தேங்கி நிற்கும், பிறகு வாடைக்குக் கேட்கவா வேண்டும். துளைகளை பிரஷ்ஷால் திறந்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் மடிப்பைத் துடைத்து, பெர்கார்பனேட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை மடிப்புக்குள் திணித்து அரைமணி நேரம் விடுங்கள். ஊசி, கத்தி, கரடுமுரடான நார் எதுவும் வேண்டாம். ரப்பர் கீறினால் கதவு வழியே தண்ணீர் கசியும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் வெந்நீர். டிரம் காலியாக இருக்க வேண்டும். டப் க்ளீன் ப்ரோகிராம் இருந்தால் அது, இல்லாவிட்டால் பருத்தித் துணிக்கான 60 டிகிரி அல்லது அதற்கு மேல் உள்ள நீண்ட ப்ரோகிராம். சுமார் 100 கிராம் பெர்கார்பனேட்டை நேரே டிரம்மில் போடுங்கள்; பாக்கெட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான். சோப்பு கூடவே கூடாது, நுரை பொங்கும். அழுக்கு அதிகமிருந்தால் பெர்கார்பனேட் மட்டுமே கூட நுரைக்கும். சில மாடல்களில் ஆக்ஸிஜன் ப்ளீச்சை இப்படிப் போடக் கூடாது என்றே கையேடு சொல்லும். அப்படியானால் அதில் குறிப்பிட்டிருக்கும் டிரம் க்ளீனரைப் பயன்படுத்துங்கள்.

ஈகோ என்று எழுதியிருக்கும் 60 டிகிரி ப்ரோகிராம் இதற்கு உதவாது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அவற்றில் பல, நேரத்தைக் கூட்டிக்கொண்டு சூட்டைக் குறைத்துவிடுகின்றன. 15 நிமிட, 30 நிமிடக் குறுகிய ப்ரோகிராம்களும் வேண்டாம்.

ஓடி முடிந்ததும் ஃபில்டரை மறுபடி திறந்து பாருங்கள். உரிந்து வந்த படலம் அங்கே வந்து சேர்ந்திருக்கும். அதை விட்டுவைத்தால் அடுத்த நாளே வாடை கிளம்பும். நிறைய வந்திருந்தால் இன்னொரு முறை ஓட்டுங்கள். ஒன்றும் வராத அளவுக்குத் தெளிந்தால் மெஷின் முடிந்தது.

உப்புக் கறை இருக்கும் வீடுகளில் வேறொரு நாளில் 100 கிராம் அளவு சிட்ரிக் அமிலத்தைப் போட்டு 60 டிகிரிக்கு மேல் போகாமல் ஒரு முறை காலியாக ஓட்டலாம். சொரசொரப்பான உப்புப் படிவின் மேல்தான் பிசுக்கு எளிதாக ஒட்டுகிறது. பெர்கார்பனேட் காரம், இது அமிலம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும்.

4. டாப் லோட் மெஷின்: ஊறவைத்து, அள்ளி, பிறகே வடியுங்கள்

இதில் கண்ணுக்குத் தெரியும் துளைபோட்ட தொட்டி எப்போதும் பளிச்சென்று இருக்கும். அழுக்கு அதற்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் இருக்கிறது. துவைத்த துணியில் கருப்பாகவோ பழுப்பாகவோ செதில்கள் ஒட்டிக்கொண்டு வந்தால் அது அங்கிருந்து உரிந்து வந்த பூஞ்சைப் படலம்தான்.

நூல் பிடிக்கும் வலைப்பையை முதலில் கழற்றிக் கழுவுங்கள். கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அப்புறம் தொட்டியை அதிகபட்ச அளவுக்கு 50 டிகிரி வாக்கில் வெந்நீரால் நிரப்ப வேண்டும். ஹீட்டர் இல்லாத மெஷினில் வாளியில் கொண்டுவந்து ஊற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரை நேரே ஊற்ற வேண்டாம், பிளாஸ்டிக் பாகங்கள் தாங்காது. 50, 60 லிட்டர் தண்ணீருக்கு 200 முதல் 300 கிராம் பெர்கார்பனேட் போட்டு, சில நிமிடங்கள் சுற்றவிட்டு, நிறுத்தி ஊறவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி சற்று நேரம் சுற்றவிட்டால் செதில்கள் மேலே மிதந்து வரும்.

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். தண்ணீரைப் பார்த்ததும் அருவருப்பாகி உடனே வடித்துவிடுகிறார்கள். வடிக்கும்போது செதில்கள் பழைய இடுக்குகளிலேயே மறுபடி படிந்துவிடும், குழாயையும் அடைக்கலாம். மீன் தொட்டிக்குப் பயன்படும் சின்ன வலையாலோ பழைய வடிகட்டியாலோ மிதப்பதை அள்ளுங்கள். சுற்றவிட்டு மறுபடி அள்ளுங்கள். வருவது குறைந்த பிறகே வடியுங்கள். அதற்குப் பின் சாதாரணத் தண்ணீரில் ஒரு முழு ப்ரோகிராம் காலியாக ஓட்டுங்கள்.

மூடியின் அடிப்பக்கத்தையும் தொட்டியின் மேல்விளிம்பையும் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். தண்ணீர் எட்டாத இடம் என்பதால் அங்கே தெறித்த சோப்பு அப்படியே காய்ந்து கிடக்கும்.

5. சாக்கடை வாடை என்றால் குழாயைப் பாருங்கள்

கழிவுநீர்க் குழாய், மெஷினின் பின்பக்கம் ஓரளவு உயரத்துக்கு ஏறி வளைந்து பிறகு கீழே இறங்க வேண்டும். பெரும்பாலான கையேடுகள் 60 முதல் 100 சென்டிமீட்டருக்குள் ஓர் உயரத்தைக் கேட்கின்றன. குழாய் தரையோடு கிடந்தால் அழுக்குத் தண்ணீர் திரும்பி உள்ளே வர வழி இருக்கிறது.

குழாயின் நுனி சுவர்க் குழாய்க்குள் மிக ஆழமாகப் போயிருக்கவும் கூடாது, காற்றுப் போகாமல் அடைத்து ஒட்டியிருக்கவும் கூடாது. சுவர்க் குழாயில் தண்ணீர் தேங்கி வாயுவைத் தடுக்கும் வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். நெடுநாள் மெஷினை ஓட்டாமல் இருந்தால் அந்த வளைவில் உள்ள தண்ணீர் வற்றி, வாயு நேரே மேலே வரும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலே போதும், அது சரியாகிவிடும்.

6. துணியில் பதிந்த வாடையை எடுப்பது

மெஷின் முடிந்தது, சரி. இப்போது துணி.

2012-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஈரத்துணி வாடைக்குக் காரணமான ஒரு பாக்டீரியாவை அடையாளம் காட்டினார்கள். மொராக்ஸெல்லா ஆஸ்லோயென்சிஸ் என்று பெயர். உலர்ந்துபோவதையும் புற ஊதாக் கதிரையும் தாங்கக்கூடியது அது. அதனால்தான் வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த துண்டு கூட, நனைந்ததும் நாறத் தொடங்குகிறது. வெயில் உதவாமல் இல்லை. ஏற்கெனவே இழைக்குள் தங்கிவிட்டதை வெளியேற்ற அது மட்டும் போதாது, அவ்வளவுதான். சூடும் ஆக்ஸிஜன் ப்ளீச்சும் சேர வேண்டும்.

துணிகளை மூன்றாகப் பிரியுங்கள். பருத்தித் துண்டு, படுக்கை விரிப்பு, உள்ளாடை போன்றவை ஒரு குவியல். பாலியஸ்டர் சட்டைகள், உடற்பயிற்சி உடைகள் இன்னொன்று. பட்டு, கம்பளி, தோல் ஒட்டு உள்ளவை தனி. ஒவ்வொன்றிலும் உள்ளே தைத்திருக்கும் சலவைச் சீட்டைப் பாருங்கள்.

பருத்திக்கு வாளியில் 50 முதல் 60 டிகிரி வெந்நீர், லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் பெர்கார்பனேட். முதலில் பொடியை முழுதாகக் கரைத்துவிட்டுத் துணியைப் போடுங்கள். கரையாத பொடி ஓரிடத்தில் உட்கார்ந்தால் அங்கே நிறம் வெளுக்கும். நிறத் துணி என்றால் கண்ணில் படாத மூலையில் நனைத்துச் சோதித்துவிட்டு இறக்குங்கள். அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஊறினால் போதும். இரவு முழுக்க விடுவதில் லாபம் இல்லை. தண்ணீர் ஆறிவிடும், பெராக்சைடும் தீர்ந்துவிடும், பிறகு வெறும் அழுக்குத் தண்ணீரில்தான் துணி கிடக்கும். மீந்த கரைசலைப் பாட்டிலில் ஊற்றி இறுக மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். ஊறிய துணியை அப்படியே மெஷினில் போட்டு வழக்கமான சோப்போடு துவையுங்கள்.

துண்டுகள் மட்டும் ஒரு படி கூடுதல் வேலை கேட்கும். நெடுநாள் சாஃப்ட்னரில் துவைத்தவை என்றால், தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் உறிஞ்சாமல் மேலேயே உருண்டு நிற்கும். சாஃப்ட்னர் இழையின் மேல் எண்ணெய்ப் பசையாக ஒட்டி, உள்ளே இருக்கும் அழுக்குக்குக் கவசமாகிவிடுகிறது. அப்படிப்பட்ட துண்டை முதலில் 60 டிகிரியில் சாஃப்ட்னர் இல்லாமல் சோப்புத்தூளில் ஒரு முறை துவைத்து, அதற்குப் பிறகு ஊறவையுங்கள். ஒரே தடவையில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை.

பாலியஸ்டர் வேறு மாதிரி. பருத்தி தண்ணீரைக் குடிக்கும். பாலியஸ்டர் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் உடற்பயிற்சிக்குப் பின் டி-ஷர்ட்களை ஒப்பிட்டபோது பருத்தியைவிட பாலியஸ்டர் அதிகம் நாறியது. வாடை உண்டாக்கும் மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாக்கள் அதில்தான் நன்றாக வளர்ந்திருந்தன. இங்கே முதல் எதிரி உடம்பு எண்ணெய் என்பதால் என்சைம் (அழுக்கைச் சிதைக்கும் பொருள்) உள்ள சோப்பில் ஊறவைப்பதிலிருந்து தொடங்க வேண்டும். 40 டிகிரி வெதுவெதுப்பு போதும், அதிகச் சூட்டில் என்சைம் செத்துவிடும். உடையை உட்புறம் வெளியே திருப்பி ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அதற்குப் பிறகு, சலவைச் சீட்டு இடம் கொடுத்தால், 40 டிகிரியில் பெர்கார்பனேட். வரிசையை மாற்றினால் எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் இருக்கும் கிருமியை ப்ளீச் எட்டாது.

பட்டுக்கும் கம்பளிக்கும் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. காரமும் சூடும் புரதத்தைக் கரைக்கும் என்சைமும் இவற்றின் இழையையே கெடுத்துவிடும். கம்பளிக்கான மென்மையான சோப்பில் குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் காற்றோட்டமாக விரித்துப் போடுங்கள். விலையுயர்ந்தது என்றால் சலவைக்காரரிடம் கொடுத்துவிடுவதே மேல்.

7. இனித் துவைக்கும்போது

சோப்பைக் குறையுங்கள். அளவுக்கு மேல் போட்ட சோப்பு அலசலில் முழுதாகப் போவதில்லை. துணியிலும் தொட்டியிலும் தங்கிக் கிருமிக்கே உணவாகிறது. அலசும் கட்டத்தில் கதவுக் கண்ணாடி வழியே நுரை தெரிந்தால் சோப்பு அதிகம். அதற்காகக் கண்மூடித்தனமாகக் குறைத்தாலும் தப்பு, அழுக்கு போகாமல் எண்ணெய் சேர்ந்துகொண்டே வரும். பாக்கெட்டில் உள்ள அளவை அளவுக் கரண்டியால் எடுங்கள், கைக்கணக்கு வேண்டாம். உப்பு அதிகமுள்ள தண்ணீருக்குக் கொஞ்சம் கூடுதல் தேவைப்படும். ஃப்ரண்ட் லோடுக்குக் குறைந்த நுரை வகைதான்.

லிக்விடா, தூளா? துண்டுக்கும் வெள்ளைப் பருத்திக்கும் என் ஓட்டு தூளுக்கு. ஆக்ஸிஜன் ப்ளீச் கலந்து வருவது தூளில்தான். லிக்விடில் அது நிலைத்து நிற்காது. நிறம் மங்கக் கூடாத துணிக்கு லிக்விட் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரம்மைத் திணித்து நிரப்ப வேண்டாம். துணிக்கு மேல் ஒரு கை நுழையும் அளவு இடம் இருக்கட்டும். துணி புரண்டு விழுந்தால்தான் அழுக்கு கழன்று வரும், தண்ணீர் நடுவரை போகும்.

எப்போதும் 30 டிகிரியிலேயே துவைக்கும் வீட்டில் படலம் சீக்கிரம் திரும்பி வரும். வாரத்துக்கு ஒரு முறையாவது துண்டையும் விரிப்பையும் 60 டிகிரியில் ஓட்டிவிட்டால் துணியோடு மெஷினும் கழுவப்படுகிறது. தனியாக டப் க்ளீன் போடும் தேவையும் குறையும்.

மெஷின் நின்றதும் துணியை எடுங்கள். இரவில் ஓட்டிக் காலையில் எடுக்கும் வழக்கம் இருந்தால், முடியும் நேரத்தை எழும் நேரத்தோடு ஒத்துப்போகும்படி டைமரில் வையுங்கள். எடுத்தபின் ரப்பரை ஒரு துணியால் துடைத்துவிட்டு, கதவையும் சோப்புப் பெட்டியையும் திறந்தே விடுங்கள். சின்னக் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் உள்ளே ஏற முடியாத அளவுக்கு ஒரு விரற்கடை மட்டும் திறந்து வைத்து, கண்ணும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: அழுக்குக் கூடை. நனைந்த துண்டையும் வியர்த்த சட்டையையும் சுருட்டி மூடிய கூடைக்குள் போட்டால் துவைப்பதற்கு முன்பே பாதி வேலையைக் கிருமி முடித்துவிடும். காயவிட்டுக் கூடையில் போடுங்கள். கூடையும் ஓட்டை உள்ளதாக இருக்கட்டும்.

8. காயவைப்பது: சூட்டைவிடக் காற்று முக்கியம்

துணி ஈரமாக இருக்கும் நேரம் எவ்வளவு குறைவோ கிருமி பெருகவும் அவ்வளவு குறைந்த நேரமே கிடைக்கிறது. அதனால் காய்கிற வேகம்தான் நமக்குத் தேவை, அதைத் தருவது துணிகளுக்கு நடுவே ஓடும் காற்று.

முதலில் மெஷினிலேயே எவ்வளவு தண்ணீரை எடுக்க முடியுமோ எடுத்துவிடுங்கள். கனமான துணிகளுக்கு இன்னொரு முறை ஸ்பின் போடுவது, கொடியில் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

துணிக்கும் துணிக்கும் நடுவில் ஒரு கையளவு இடைவெளி விடுங்கள். துண்டை இரண்டாக மடித்துப் போட்டால் உள்மடிப்பு கடைசிவரை ஈரமாகவே இருக்கும். ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் தொங்கவிட்டால் சீக்கிரம் காயும். ஜீன்ஸை உட்புறம் திருப்பி, இடுப்பு வாய் திறந்திருக்கும்படி மாட்டுங்கள். தொப்பி வைத்த சட்டையில் தொப்பி முதுகோடு ஒட்டாமல் தனியே தொங்க வேண்டும்.

வீட்டுக்குள் காயவைத்தால் மின்விசிறியைத் துணியின் கீழிருந்து மேலே காற்றுப் போகும்படி வையுங்கள். ஈரம் கீழ் ஓரத்தில்தான் சேர்ந்து நிற்கும். வெளியே மழையோ மூடுபனியோ இருக்கும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரக் காற்றுதான் உள்ளே வரும். அப்போது அறையை மூடி ஈரம் உறிஞ்சும் கருவியை ஓட்டுவது நல்லது. அது இல்லாத இடத்தில் கொஞ்சமாகத் துவையுங்கள். ஓர் அறை வாங்கும் ஈரத்துக்கும் அளவு உண்டு.

மடிப்பதற்கு முன் ஒரு சோதனை. வெயிலிலிருந்தோ டிரையரிலிருந்தோ எடுத்த சூடான துணி காய்ந்தது போலவே இருக்கும். ஆறவிட்டு, அக்குள் தையல், இடுப்புப் பட்டை, பாக்கெட் மூலை ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஒரு துணி அலமாரிக்குள் போனால் அடுக்கு முழுவதும் நாறும்.

9. இத்தனைக்குப் பிறகும் வாடை இருந்தால்

வெந்நீர் உண்மையிலேயே வெந்நீர்தானா என்று பாருங்கள். 60 டிகிரி ப்ரோகிராம் அரைமணி நேரம் ஓடியதும் கதவுக் கண்ணாடியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். நல்ல சூடு தெரிய வேண்டும். குளிர்ந்தே இருந்தால் ஹீட்டர் வேலை செய்யவில்லை. நீங்கள் இதுவரை போட்ட பெர்கார்பனேட் எல்லாம் பச்சைத் தண்ணீரில் போனதாகத்தான் அர்த்தம். ஹீட்டரைச் சரிசெய்துவிட்டு 3-ம் பகுதியை மறுபடி செய்யுங்கள்.

ரப்பரில் கருப்புப் புள்ளிகள் மட்டும் மிஞ்சி வாடை இல்லையென்றால் கவலை வேண்டாம், அது ரப்பருக்குள் ஊறிய கறை. ரப்பரே பிசுபிசுத்து, வெடிப்பு விட்டு, துடைத்த மறுநாளே நாறினால் புது ரப்பர் போடுவதுதான் வழி.

பல வருடம் குளிர்ந்த தண்ணீரும் சாஃப்ட்னருமாக ஓடிய மெஷினில், தொட்டியின் பின்பக்கத் தாங்கியில் களிம்பு போல அடை பிடித்திருக்கும். அதை எந்தப் பொடியாலும் கரைத்துவிட முடியாது. மெக்கானிக்கை அழைத்துத் தொட்டியைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். கழற்றும்போதே பேரிங்கையும் அதன் சீலையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள், மறுபடி கழற்றும் கூலி மிஞ்சும்.

துணியில் மட்டும் பிடிவாதமாக நிற்கும் வாடை பெரும்பாலும் பழைய பாலியஸ்டர் உடற்பயிற்சி உடைகளில்தான். என்சைம், பெர்கார்பனேட் என்று இரண்டு சுற்று முடிந்தும் வியர்த்த பத்து நிமிடத்தில் நாறினால் அந்த உடையை மெஷின் துடைக்கும் கந்தலாக்கிவிடுங்கள். பட்டனையும் ஜிப்பையும் வெட்டியெடுத்த பிறகு.